பங்கு வேறு, நாற்காலி வேறு

(அம்பத்தூரில் சிறுதொழில் முனைவோரும் தொழிலாளர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பாடிப் பக்கமிருந்து அம்பத்தூர் வரும் பேருந்தில் நடத்துநர் சொல்லும் நிறுத்தங்கள் உங்களுக்கு மனப்பாடம். லூகாஸ், பிரிட்டானியா, டன்லப், டி.ஐ. சைக்கிள்ஸ். கோயிலையும் ஏரியையும் சொல்லி இடம் காட்டிய ஊர் இது. அந்த அடையாளத்தை இப்போது கம்பெனிகள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. டன்லப்பில் டயர் வார்ப்பது நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் வாங்குகிறோம். ஒரு கம்பெனி நன்றாக நடந்தால் நான்கு தெருக்களுக்கு விளக்கு எரியும். அது படுத்தால் அந்தத் தெருக்களில் கல்யாணம் தள்ளிப்போகும், கல்லூரிப் படிப்பு பாதியில் நிற்கும். டன்லப் தொழிலாளர் குடும்பங்கள் இதை அனுபவித்தவை. ஆகவே, பெரிய கம்பெனிகளின் தலைமை நாற்காலியில் அடுத்து யார் உட்காரப் போகிறார்கள் என்பதை முதலாளி வீட்டுச் சங்கதி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. அது இந்த ஊரின் சங்கதி.

நான் கணக்குத் தணிக்கை செய்து பிழைப்பவன். சிறிய பட்டறைகளின் கணக்குகளோடுதான் என் வாழ்நாள் போயிருக்கிறது. அந்த அனுபவத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றைச் சொல்லத்தான் வந்தேன். சொத்து பிள்ளைகளுக்குப் போவது உரிமை. தலைமை பிள்ளைகளுக்குப் போவது உரிமை ஆகாது. அது ஒரு நியமனம். இவை இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி மகன் கையில் கொடுக்கும் வழக்கத்தால் நாம் இழந்தது அதிகம். இதை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுத்தத்தில் இறங்கினால் போதும்.

அந்தக் கம்பெனியைத் தொடங்கிய முருகப்பா குழுமத்தின் கதை 1900-இல் பர்மாவில், மோல்மேனில், வட்டிக்கடையாகத் தொடங்கியது. திவான் பகதூர் ஏ.எம்.முருகப்ப செட்டியார் அதை நிறுவினார். பர்மாவில் முதலைப் போட்டிருந்த செட்டியார்கள் பலர், ஜப்பானியர் படையெடுப்பில் நிலத்தையும் கடையையும் விட்டுவிட்டுக் கால்நடையாகத் திரும்பினார்கள். இந்தக் குடும்பம் காற்று திரும்புவதை முன்பே கண்டு முதலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. 1949-இல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். 1951-இல் முதல் ஹெர்குலஸ் சைக்கிள் வெளிவந்தது. 1955-இல் ஆவடியில் குழாய்த் தொழிற்சாலை, 1960-இல் அம்பத்தூரில் சங்கிலித் தொழிற்சாலை, 1966-இல் ஆங்கிலேயக் கூட்டாளியின் தலைவர் பெயரால் சர் ஐவன் ஸ்டெட்போர்டு மருத்துவமனை. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் அந்த மருத்துவமனையில் பிறந்தவர்கள் சிலராவது இருப்பீர்கள்.

நகரத்தார் தொழில்முறையில் வாரிசைத் தயார்செய்ய ஓர் ஒழுங்கு இருந்தது. சிறுவன் முதலில் 'பெட்டியடிப் பையன்'. கடையில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கூட்டிப் பெருக்கி, ஓலை எடுத்துக் கொடுத்து, வரவு செலவைக் கண்ணால் பார்த்துப் பழக வேண்டும். பிறகு 'அடுத்தாள்'. அதன் பிறகு 'மேலாள்'. கடல் கடந்த கடைகளுக்கு மூன்றாண்டுக் கணக்கில் ஆள் போவார்கள். கணக்கு முடித்து ஐந்தொகை சரியாக வந்தால்தான் அடுத்த படி. வசதியான வீட்டுப் பிள்ளைகளும் பிறர் கடையில் பெட்டியடியில் உட்கார்ந்து கற்றார்கள் என்பது இதில் முக்கியம். தகப்பன் கடையில் தவறு செய்தால் மன்னிப்பு கிடைக்கும். அடுத்தவர் கடையில் கிடைக்காது.

அந்த ஒழுங்கு தொழிற்சாலைக் காலத்திலும் கொஞ்சம் தொடர்ந்தது. முருகப்பா குடும்பத்தில் குழுமத் தலைமை அப்பாவிடமிருந்து மகனுக்கு நேராக இறங்கவில்லை. குழுமத் தலைவராக இருந்த எம்.வி.சுப்பையா 2004-இல் விலகியபோது அந்த இடத்துக்கு வந்தவர் எம்.ஏ.அழகப்பன், வேறு கிளையைச் சேர்ந்தவர். அவருக்குப் பிறகு ஏ.வெள்ளையன். 2018-இல் எம்.எம்.முருகப்பன். கிளை மாறி, வயது முறைப்படி தலைமை நகர்ந்தது. 1999-இல் இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று நடந்தது. குடும்பத்தார் கம்பெனிகளின் அன்றாட நிர்வாகத்திலிருந்து ஒதுங்கி, வெளி நிபுணர்களும் அமர்ந்த ஒரு குழும வாரியத்தை அமைத்தார்கள். கம்பெனிகளை நடத்தும் பொறுப்பு சம்பளம் வாங்கும் நிர்வாகிகளிடம் போனது. சுப்பையா இதை முன்னின்று செய்தார். தன் கையில் இருக்கும் அதிகாரத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் முதலாளியை நான் அதிகம் பார்த்ததில்லை. அவரை மனமாரப் பாராட்டுகிறேன்.

சுப்பையாவின் மகன் வெள்ளையன் சுப்பையா. சென்னை ஐ.ஐ.டி.யில் சிவில் பொறியியலும் மிச்சிகனில் மேலாண்மையும் படித்தவர். மெக்கின்சியிலும் வேறு நிறுவனங்களிலும் வேலை பார்த்த பிறகே குடும்பத் தொழிலுக்குள் வந்தார். 2010-இல் சோழமண்டலம் நிதி நிறுவனத்தின் நிர்வாக இயக்குநரானார். 2008 நெருக்கடியில் தனிநபர் கடன்கள் திரும்பாமல் அது அடிவாங்கியிருந்த நேரம். அதை நிமிர்த்திவிட்டு 2017-இல் அம்பத்தூர் டி.ஐ.க்கு வந்தார். கணக்கு முறைகேடுகள் வெளியாகித் தள்ளாடிக்கொண்டிருந்த சி.ஜி. பவர் நிறுவனத்தை 2020-இல் சுமார் ரூ.700 கோடி போட்டு டி.ஐ. வாங்கியது. சைக்கிள் பிறந்த அம்பத்தூர் வளாகத்திலிருந்து 2022-இல் மோன்ட்ரா என்ற மின்சார ஆட்டோ வெளிவந்தது. 2024-இல் எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனம் மொனாக்கோவில் வழங்கும் உலகத் தொழில்முனைவோர் விருது அவருக்குக் கிடைத்தது. வாரிசு என்றாலே வெறும் கூடு என்று பேசுகிறவர்கள் இந்த வரலாற்றைப் பார்க்க வேண்டும். வெளியே வேலை பார்த்துவிட்டு வந்தவர். நொடித்த நிறுவனத்தைக் கையில் கொடுத்துச் சோதித்தார்கள். தேறினார். பெட்டியடி முறை இந்தக் காலத்தில் எப்படி இருக்க முடியும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அதே குடும்பத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன்.

குழுமத்தின் முன்னாள் செயல் தலைவர் எம்.வி.முருகப்பன் 2017-இல் காலமானார். அவருக்கு மகன் இல்லை. மனைவியும் இரண்டு மகள்களும். மூத்த மகள் வள்ளி அருணாசலம் அணுப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்காவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். குழுமத்தின் உச்சியில் அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்ற தாய் நிறுவனம் இருக்கிறது. டி.ஐ., ஈ.ஐ.டி. பாரி போன்ற பட்டியலிட்ட கம்பெனிகளின் கணிசமான பங்குகள் அதன் கையில். அந்தத் தாய் நிறுவனத்தில் இவர்கள் குடும்பத்துக்குச் சுமார் 8 விழுக்காடு பங்கு. வள்ளி கேட்டது இரண்டில் ஒன்று: வாரியத்தில் ஓர் இடம் கொடுங்கள், இல்லையென்றால் நியாயமான விலைக்கு எங்கள் பங்கை வாங்கிக்கொள்ளுங்கள். 2020 செப்டம்பரில் அம்பாடியின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அவரை இயக்குநராக்கும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. 91 விழுக்காட்டுக்கு மேல் எதிராக விழுந்தது. பங்குதாரர்கள் யார்? பெரும்பாலும் சித்தப்பா, பெரியப்பா, அவர்கள் பிள்ளைகள்.

தான் பெண் என்பதால்தான் இந்த மறுப்பு என்று வள்ளி வெளிப்படையாகச் சொன்னார். குடும்பத்தின் மற்றவர்கள் அதை ஏற்கவில்லை. அந்த அறைக்குள் யார் மனதில் என்ன இருந்தது என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. வெளியே தெரிந்ததை மட்டும் வைத்துப் பேசுகிறேன். நாடே அறிந்த ஒரு குழுமத்தின் தாய் நிறுவன வாரியத்தில் அன்று ஒரு பெண்கூட இல்லை. நூற்றாண்டு கடந்த ஒரு குழுமத்தின் வரலாற்றில் தலைமை வரிசையில் ஒரு மகளின் பெயர்கூட இல்லை. இது தற்செயலாக நேர்வதல்ல.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். நம்மில் பலர் பெண்ணுக்குச் சொத்துரிமை 2005-இல்தான் வந்தது என்று நினைக்கிறோம். தகப்பன் தானாகச் சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் இறந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகனுக்கும் மகளுக்கும் மனைவிக்கும் சம பங்கு. சிக்கல் இருந்தது பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தில். அதில் பிறப்பாலேயே பங்கு ஆணுக்கு மட்டும் என்று இருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் பெரியார் கூட்டிய முதல் சுயமரியாதை மாநாடு, பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அன்றைக்கு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் செங்கல்பட்டு மாவட்டம்தான் என்பதை இந்த ஊர் இளைஞர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தீர்மானம் சட்டமாக 60 ஆண்டுகள் ஆயின. 1989-இல் கலைஞர் அரசு தமிழ்நாட்டுக்குத் திருத்தம் கொண்டுவந்தது. அதிலும், அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே மணமான பெண்கள் விடுபட்டுப் போனார்கள். 2005-இல் நாடு முழுவதற்குமான திருத்தம் அந்தக் குறையைப் போக்கியது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், 2005-இல் தகப்பன் உயிரோடு இருந்தாரா இல்லையா என்று பார்க்கத் தேவையில்லை, மகளுக்குப் பிறப்பால் உரிமை உண்டு என்று முடித்துவைத்தது. அடுத்த மாதம்தான் அம்பாடி வாக்கெடுப்பு.

சட்டம் சொத்தைக் கொடுத்துவிட்டது. எம்.வி.முருகப்பனின் பங்குகள் மனைவிக்கும் மகள்களுக்கும் வந்து சேர்ந்ததை யாரும் தடுக்கவில்லை. ஆனால் பட்டியலிடாத ஒரு குடும்ப நிறுவனத்தில் 8 விழுக்காட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? சந்தையில் விற்க முடியாது. வெளியாள் வாங்க வரமாட்டார். உறவினர் வைத்ததுதான் விலை. டிவிடெண்டு எவ்வளவு என்பதை வாரியம் முடிவு செய்யும். வாரியத்தில் இடம் கிடையாது. சிறுபான்மைப் பங்குதாரர் ஒடுக்கப்படுகிறார் என்று கம்பெனித் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதற்கும் பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு மூலதனமோ, உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினரின் பலமோ வேண்டும்; இல்லையென்றால் தீர்ப்பாயம் தனியாகத் தளர்வு தர வேண்டும். என் தொழிலில் இந்த நிலையை எத்தனையோ குடும்பங்களில் பார்க்கிறேன். அக்காவின் பெயரில் பங்குப் பத்திரம் இருக்கும். தம்பி கொண்டுவந்து நீட்டும் காகிதத்தில் எல்லாம் அக்கா கையெழுத்துப் போடுவார். அத்தோடு முடிந்தது அவருடைய உரிமை.

2023 ஆகஸ்டில் இரு தரப்பும் சமாதானமாகி, வழக்குகளை முடித்துக்கொள்வதாக அறிவித்தார்கள். ஒரு குடும்பம் கோர்ட் வாசலில் நின்று கிழியாமல் தப்பியது நல்லது. ஆனால் அந்த மூன்றாண்டுச் சண்டை தேவையே இல்லாதது என்பது என் துணிவு. வெளியே போக விரும்பும் கிளைக்குப் பங்கின் விலையை எப்படிக் கணக்கிடுவது, யார் மதிப்பிடுவது, எத்தனை மாதத்தில் பணம் தருவது என்று தகப்பன்மார் உயிரோடு இருந்த காலத்திலேயே எழுதிவைத்திருந்தால் போதும். நாற்காலிக்கு யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், தகுதி இன்னது, பார்ப்பவர்கள் இன்னார் என்றும் எழுதியிருந்தால், மகள் தகுதியற்றவர் என்றால் அதைத் தகுதியைக் காட்டியே சொல்லியிருக்கலாம். வாக்கை எண்ணிச் சொல்ல வேண்டி வந்திருக்காது.

பாடிப் பக்கம் திரும்புவோம். டி.வி.எஸ். குடும்பத்தின் வீல்ஸ் இந்தியா 1960, லூகாஸ் டி.வி.எஸ். 1961, சுந்தரம் கிளேட்டனும் பிரேக்ஸ் இந்தியாவும் 1962, சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் 1966. ஆறேழு ஆண்டுகளுக்குள் ஒரு சாலை முழுவதும் ஒரு குடும்பத்தின் தொழிற்சாலைகள். மதுரையில் 1911-இல் டி.வி.சுந்தரம் அய்யங்கார் தொடங்கியது, அவருடைய மகன்களின் கிளைகளாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் சில கம்பெனிகளை நடத்தியது. சொத்தின் உச்சி மட்டும் பொதுவாக இருந்தது. பேரன், கொள்ளுப் பேரன் காலம் வந்தபோது இந்தப் பின்னலை அவிழ்க்க வேண்டியதாயிற்று. 2020 டிசம்பரில் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்; 2022-இல் அது நடைமுறைக்கு வந்தது. எந்தக் கிளை எந்தக் கம்பெனியை நடத்துகிறதோ அதன் உடைமையும் அந்தக் கிளைக்கே என்பது சாரம். நாளிதழில் வசை இல்லை, வாசலில் கூச்சல் இல்லை. பாடித் தொழிற்சாலைகளில் ஒரு நாள் வேலைகூட இதனால் நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அதே 2022-இல் டி.வி.எஸ். மோட்டார் தலைவர் நாற்காலியை வேணு சீனிவாசன் மகனுக்கு நேராகக் கொடுக்கவில்லை. மகன் சுதர்சன் வேணு நிர்வாக இயக்குநர் ஆனார். தலைவராக ஜாகுவார் லேண்ட் ரோவரை நடத்திய ஜெர்மானியர் சர் ரால்ஃப் ஸ்பெத் வந்தார். 2025 ஆகஸ்டில்தான் சுதர்சன் தலைவரானார். மகனுக்கு மேலே மூன்று ஆண்டு ஒரு வெளியாளை உட்கார வைத்துப் பார்த்தார்கள். மகள் லட்சுமி வேணு சுந்தரம் கிளேட்டனின் நிர்வாக இயக்குநர். இன்னொரு கிளையில், சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் நிறுவனத்தைக் கட்டி எழுப்பிய சுரேஷ் கிருஷ்ணாவுக்குப் பிறகு அதை மகள் ஆரத்தி கிருஷ்ணா நடத்துகிறார். செம்பியத்தில் சிவசைலத்தின் மகள் மல்லிகா சீனிவாசன் 1986-இல் டாஃபே டிராக்டர் கம்பெனிக்கு வந்தபோது அதன் விற்றுமுதல் ரூ.85 கோடி. பிறகு உலகின் பெரிய டிராக்டர் தயாரிப்பாளர்களில் ஒன்றாக அதை வளர்த்தார். வானகரத்தில் நாம் ஓடிப்போய் நிற்கும் அப்போலோ மருத்துவமனையை நிறுவியவரின் நான்கு மகள்கள் அந்தக் குழுமத்தை நடத்துகிறார்கள். ஆகையால், நம் மரபில் பெண்கள் தொழிற்சாலைப் பக்கம் வந்ததில்லை என்று இனி ஒருவரும் சொல்ல வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு பெண்மணியை நினைக்காமல் என்னால் மேலே போக முடியவில்லை. டி.வி.சுந்தரம் அய்யங்காரின் மகள் சௌந்தரம். இளம் வயதில் விதவையானார். மருத்துவம் படித்தார். ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்தார். 1947-இல் சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தை உருவாக்கினார். பள்ளி, மருத்துவமனை, பின்னாளில் பல்கலைக்கழகமாக வளர்ந்த கல்விச்சாலை எல்லாம் அங்கே எழுந்தன. மத்திய அரசில் கல்வித் துணை அமைச்சராக இருந்தார். நிர்வாகத் திறமை என்றால் இதுதானே? தகப்பனார் தொழிலோ மகன்களிடம் போனது. அவர் அதைக் கேட்டாரா என்பது என் கேள்வி அல்ல. அந்த வீட்டில் அன்று எவருக்காவது அப்படி ஒன்று தோன்றியிருக்குமா என்பதே என் கேள்வி. ஒரு தலைமுறை அவரைப் போன்றவர்களைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. மேற்குச் சென்னையில் எழாமலே போன தொழிற்சாலைகள் எத்தனையோ!

ஜப்பானியர் வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். டி.வி.எஸ். குடும்பத்தோடு சேர்ந்து நமக்கு மோட்டார் சைக்கிள் செய்து தந்த சுசுகி கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பல பத்தாண்டுகள் நடத்திய ஒசாமு சுசுகி, பிறப்பால் மட்சுதா. சுசுகி வீட்டுப் பெண்ணை மணந்து அந்தக் குடும்பப் பெயரை ஏற்று, 1978-இல் தலைவரானார். இந்தியாவில் மாருதிக்குத் தோள் கொடுத்தவர் அவர்தான். வீட்டில் தகுந்த ஆள் இல்லையென்றால் தகுந்த ஆளை வீட்டுக்குள் கொண்டுவருவது அவர்கள் முறை. செட்டிநாட்டில் பிள்ளை கூட்டுவதை, அதாவது தத்தெடுப்பதை, அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆனால் நாம் பெரும்பாலும் பரம்பரை அறுந்துவிடக் கூடாது, கொள்ளி வைக்க ஒருவன் வேண்டும் என்று பிள்ளை கூட்டினோம். அவர்கள் கம்பெனியை நடத்த ஆள் வேண்டும் என்று பார்த்துக் கூட்டினார்கள். டொயோட்டாவில் நிறுவனரின் பேரன் அகியோ டொயோடா 2009-இல் தலைமைக்கு வந்தார். 2023-இல் நிர்வாகத் தலைமையைக் குடும்பத்துக்கு வெளியே இருந்த கோஜி சாட்டோவிடம் கொடுத்துவிட்டு வாரியத் தலைவராக ஒதுங்கினார். வாரிசு வருவதும் வாரிசு விலகுவதும் அங்கே இயல்பாக நடந்தன.

ஆவடித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கனரக ஊர்தித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும்போதே இறந்தவரின் மகனோ மகளோ கருணை அடிப்படையில் வேலை கேட்டு அலைவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குடும்பம் உண்மையிலேயே வறுமையில் இருக்கிறதா என்று விசாரணை. படிப்புச் சான்றிதழ். வாரிசுச் சான்றிதழ். நேரடி நியமனக் காலியிடங்களில் 5 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்ற உச்சவரம்பு. ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு. ஒரு கடைநிலை வேலையைப் பிள்ளைக்குக் கொடுக்க இத்தனை கேள்வி கேட்கும் இந்தச் சமூகம், பத்தாயிரம் குடும்பங்கள் நம்பியிருக்கும் ஒரு கம்பெனியின் தலைமையைப் பிள்ளைக்குக் கொடுக்கும்போது என்ன கேட்கிறது? கைதட்டுகிறது, பத்திரிகையில் பக்கம் நிறைய வாழ்த்து விளம்பரம் போடுகிறது.

பட்டியலிட்ட கம்பெனிகளுக்குச் சட்டம் சில கடிவாளங்களைப் போட்டிருக்கிறது என்பது உண்மை. நிர்வாக இயக்குநரை ஒரே மூச்சில் ஐந்தாண்டுக்கு மேல் நியமிக்க முடியாது. பங்குதாரர் ஒப்புதல் வேண்டும். 2017-இல் உதய் கோட்டக் தலைமையிலான குழு, தலைவர் நாற்காலியும் நிர்வாக இயக்குநர் நாற்காலியும் வேறு வேறு ஆட்களிடம் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அதோடு, அந்த இருவரும் உறவினராக இருக்கக் கூடாது என்றும் சேர்த்து, நாட்டின் முதல் 500 கம்பெனிகளுக்குக் கட்டாயமாக்க முனைந்தது. பிறகு அதை இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டது. 2022 பிப்ரவரியில், விரும்பினால் செய்யலாம் என்று இறங்கி வந்துவிட்டது. அது தவறான முடிவு. அப்பா தலைவர், மகன் நிர்வாக இயக்குநர் என்றால் மகனைக் கேள்வி கேட்கப் போவது யார்? தொழிலாளியின் வருங்கால வைப்பு நிதியிலிருந்தும் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்திலிருந்தும் ஒரு பகுதி இன்று பங்குச் சந்தைக்குப் போகிறது. அந்த வகையில் நீங்களும் நானும் இந்தக் கம்பெனிகளில் பங்குதாரர்கள். கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

கடைசியாகத் தொழிற்பேட்டை நண்பர்களிடம் கொஞ்சம் உரிமையோடு பேச விரும்புகிறேன். டி.வி.எஸ்., முருகப்பா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நம் பட்டறைகளில் நிலைமை என்ன? 1960-களில் தொழிற்பேட்டையில் ஷெட் எடுத்து, ஒரு லேத்தும் ஒரு டிரில்லிங் மிஷினும் போட்டு, பாடிக்கும் எண்ணூருக்கும் ஜாப் ஒர்க் செய்து வளர்ந்தவர்களின் பிள்ளைகள் நீங்கள். இப்போது உங்கள் பிள்ளைகள் ஹூஸ்டனிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். கூலண்ட் வாசனை அவர்களுக்கு ஆகவில்லை. அதில் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் எங்கே என்றால், அதை ஒப்புக்கொள்ளாமல் "பையன் வந்துருவான்" என்று சொல்லிக்கொண்டே எழுபது வயது வரைக்கும் செக் புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்திருப்பது.

ஒரு நாள் முதலாளிக்கு நெஞ்சு வலி வரும். தனி உரிமையாளர் பெயரில் கம்பெனி. அவர் மறைந்த அன்றே அதன் சட்டபூர்வ உயிரும் போய்விடும். நடப்புக் கணக்கை வங்கி நிறுத்திவைக்கும். பழைய ஜி.எஸ்.டி. பதிவு செல்லாது; வாரிசு புதிய பதிவு எடுத்து, மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரியைத் தனிப் படிவம் போட்டு மாற்ற வேண்டும். சிட்கோ மனையின் பெயர் மாற்றத்துக்கு வாரிசுச் சான்று, எல்லா வாரிசுகளின் சம்மதம். வங்கிக் கடனுக்கு மனைவியும் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பார். எதற்கு என்று அவருக்குத் தெரியாது. அதற்குள் சம்பள நாள் வந்துவிடும். முப்பது வருடம் உங்களோடு நின்ற டர்னர், அம்மாவிடம் போய்ச் சம்பளம் கேட்கக் கூச்சப்பட்டு வாசலில் நிற்பார். பெரிய கம்பெனி கொடுத்த ஆர்டர் ஒரு மாதம் தாமதமானால் கொரட்டூரில் வேறொரு பட்டறைக்குப் போய்விடும். பிறகு ஷெட்டை இடித்துக் கட்டடம் கட்டுபவரிடம் கொடுப்பதைத் தவிர வழி இராது. நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த பட்டறைகள் இப்படி மூடியதை நான் பார்த்திருக்கிறேன். நஷ்டத்தால் மூடியவற்றை நினைத்து இந்த அளவு எனக்கு வருத்தம் வந்ததில்லை.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். தனி உரிமையாளர் கம்பெனியைப் பிரைவேட் லிமிடெட் ஆகவோ எல்.எல்.பி. ஆகவோ மாற்றுங்கள். உயில் எழுதிப் பதிவு செய்யுங்கள். அதில் பங்கு யாருக்கு என்பதை ஒரு பத்தியிலும், நடத்தப்போவது யார் என்பதை வேறு பத்தியிலும் எழுதுங்கள். பிள்ளைகள் எவரும் வரவில்லை என்றால், உங்கள் போர்மேனையோ மேலாளரையோ பங்குதாரராக்கி நடத்தச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு லாபப் பங்கு போகட்டும். வெளியேற விரும்பும் பிள்ளைக்குப் பங்கின் விலையை எப்படிப் போடுவது என்பதை ஓர் ஆடிட்டரை வைத்துக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

இந்த மார்ச் 31-ஆம் தேதி கணக்கு முடியும். அதற்குப் பிறகு வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் எல்லோரையும், வெளியூரில் இருந்தால் போனிலாவது, உட்கார வைத்துக் கம்பெனியின் ஐந்தொகையை வரி வரியாக வாசித்துக் காட்டுங்கள். கடன் எவ்வளவு, யார் ஜாமீன், எந்த மிஷின் யார் பெயரில் என்று சொல்லுங்கள். மணமாகிப் போன மகளையும் மறக்காமல் கூப்பிடுங்கள். உங்கள் மனைவியும் பக்கத்தில் இருக்கட்டும்.